ஐந்து மா நிலமும் என் உதவித்தொகையும்

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. அப்பா ஆளும் கட்சியின் கரைத்துண்டு போட்டவர். அம்மா செங்கொடிச் சங்கத்துக்காரி. தேர்தல் வந்துவிட்டால் அடுப்பங்கரையிலேயே பொதுக்கூட்டம் நடக்கும்.

"உங்க ஆளுங்களுக்கு மைக்கைக் குடுத்தா போதும், விடிய விடியப் பேசுவாங்க" என்பாள் அம்மா.

"உங்க ஆளுங்க பேச வாயத் தொறந்தாலே போலீஸ் லாரி வந்துடுதே" என்பார் அப்பா.

சிரித்துக்கொண்டேதான் பேசிக்கொள்வார்கள். ஆனால் லாரி விஷயம் நிஜம். மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில் நாங்கள் குத்தகைக்குப் பயிர் செய்த ஐந்து மா நிலத்திலிருந்து எங்களை வெளியேற்ற ஒரு வருஷம் ஆள் வந்தார்கள். ஐந்து மா என்றால் ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. நிலத்துக்காரர் குடும்பம் மெட்ராஸில் இருந்தது. அவர்களுக்காக இங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் காரியக்காரர். விளைந்த பயிரை அறுக்க அவர் வெளியூர் ஆட்களைக் கூட்டி வந்தபோது, அம்மாவும் இன்னும் சில பெண்களும் வயலில் இறங்கி நின்றுகொண்டார்கள். லாரியில் ஏற்றித் திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அம்மா இல்லாத அந்த நாட்களில் அப்பா சமைத்த குழம்பை நானும் நாயும் சாப்பிட்டோம். நாய் பாதியில் எழுந்து போய்விடும்.

அதற்குப் பிறகுதான் குத்தகைப் பதிவு வந்தது. இன்ன நிலத்தை இன்னார் குத்தகைக்குப் பயிரிடுகிறார் என்று அரசாங்கமே எழுதி வைத்துக்கொள்ளும். அப்படி எழுதிவிட்டால் லேசில் வெளியேற்ற முடியாது. தாலுகா ஆபீசில் விசாரணை நடந்து, அக்கம்பக்கத்து வயல்காரர்கள் சாட்சி சொல்லி, அப்பா பெயர் ஏறியது. அன்றைக்கு அம்மா வெல்லம் போட்டுப் பாயசம் வைத்தாள். "உங்க சட்டம், எங்க போராட்டம். ரெண்டும் சேர்ந்துதான் வந்துச்சு, போங்க" என்று அப்பாவிடம் பெரிய மனது பண்ணிச் சொன்னாள். எங்கள் வீட்டில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பிறகு பார்க்கவில்லை.

நான் கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் பள்ளிக்கூடத்தைத் தாண்டியதில்லை. சேரும்போதே ஆபீசில் சொல்லிவிட்டார்கள்: பிற்படுத்தப்பட்டோருக்கான உதவித்தொகைக்கு எழுதிப் போடு, படிப்புச் சம்பளமும் ஹாஸ்டல் சாப்பாடும் அதில் அடங்கிவிடும், வருமானச் சான்று மட்டும் கொண்டுவா. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, நம்ம கவர்மெண்டு" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

வருமானச் சான்றுக்காக வருவாய் ஆய்வாளர் ஊருக்கு வந்தார். எல்லாரும் அவரை ஆர்.ஐ. என்பார்கள். கணக்குப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். "ஒண்ணும் இல்லீங்க, அன்னாடங்காச்சிங்க." வீட்டுக் கொல்லையில் இரண்டு மாடு கட்டியிருந்தவரும் அதையேதான் சொன்னார். ஆர்.ஐ. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டு போனார்.

அப்பா முறை வந்தது. "நிலம் இருக்கா?" என்று ஆர்.ஐ. கேட்டார்.

அப்பா துண்டை எடுத்து இன்னொரு தரம் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார். "இருக்குங்க. அஞ்சு மா. நம்ம பேர்ல பதிவு ஆயிடுச்சுங்க. ரெண்டு போகமும் வெளையுதுங்க" என்றார்.

அவர் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவருடைய அப்பனையும் பாட்டனையும் ஒரு சர்க்கார் மனிதர் நிலம் இருக்கிறதா என்று கேட்டதே இல்லை. முதல்முறையாக ஒருவர் கேட்கிறார், இவரிடம் பதில் இருக்கிறது. இல்லை என்று சொல்ல அந்த வாய்க்கு எப்படி வரும்? முன்னால் போனவர்களைப் பார்த்தாவது கற்றுக்கொண்டிருக்கலாம் என்று பின்னால் பலர் சொன்னார்கள். அப்படிச் சொன்ன ஒவ்வொருவரையும் அறையலாம் போலிருந்தது எனக்கு.

கணக்குப்பிள்ளை இரண்டு போகத்தின் மொத்த விளைச்சலையும் அப்பாவின் வருமானமாகப் போட்டார். அதில் பாதிக்கு மேல் குத்தகையாக அளந்துவிடுகிறோம் என்று அப்பா சொன்னார்.

"ரசீது வச்சிருக்கியா?" என்றார் ஆர்.ஐ.

ரசீது என்று ஒன்று எங்கள் பக்கத்தில் கிடையாது. களத்தில் நெல்லைத் தூற்றி முடித்ததும் காரியக்காரர் வருவார், அவர் கண்ணெதிரே குத்தகை நெல்லை அளந்து வண்டியில் ஏற்றிவிடுவோம், அவ்வளவுதான். ரசீது கேட்டால் உன்னை நம்பவில்லை என்று சொன்ன மாதிரி. குத்தகை நெல்லைத் தாலுகா ஆபீசில் கட்டி ரசீது வாங்கலாம் என்று சங்கத்தில் சொன்னதை அம்மா பலமுறை வீட்டில் சொல்லியிருக்கிறாள். "காலங்காலமா களத்துல அளக்குறத ஆபீஸ்ல கொண்டுபோய்க் கட்டுனா அவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்று அப்பா மறுத்துவிட்டார். பெயர் பதிவான பிறகு இன்னும் ஒழுங்காக, ஈரமும் பதரும் இல்லாமல் அளந்தார். வெளியேற்ற ஆள் அனுப்பிய குடும்பத்துக்குத்தான் இந்த மரியாதை.

சான்று வந்தது. வரம்பைத் தாண்டிய வருமானம். உதவித்தொகை கிடையாது.

கல்லூரி ஆபீசில் இருந்தவர் நல்ல மனிதர். "கடன் உதவித்தொகைன்னு இன்னொண்ணு இருக்கும்மா. அரசாங்கமே கடனாக் குடுக்கும். நீ வாத்தியார் வேலைக்குப் போனா வருஷா வருஷம் கொஞ்சம் கழிச்சுடுவாங்க" என்றார். அதற்குப் பட்டா நிலம் உள்ளவர் ஜாமீன் போடவேண்டும். குத்தகை நிலம் செல்லாது. ஆக, கடன் வாங்கலாம் என்று போனால் எங்களுக்கு நிலமே இல்லை. உதவி கேட்டுப் போனால் நிலம் அதிகம். ஒரே ஐந்து மாதான், ஒரே தாலுகாதான். என் தாய்மாமாவுக்கு அரை ஏக்கர் பட்டா இருந்தது. "பொட்டப்புள்ள நாளைக்குக் கல்யாணமாகிப் போயிடும், அந்தக் கடனை எந்த வீட்டுல போயிக் கேக்குறது?" என்று வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார். அம்மா அவரோடு ரொம்ப நாள் பேசவில்லை.

ஹாஸ்டலில் பாக்கி வைத்தவர்களின் பெயரைச் சாப்பாட்டுக்கூடத்துப் பலகையில் எழுதுவார்கள். பலகையைப் பார்க்காமல் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்க நான் பழகிக்கொண்டேன். பார்க்காவிட்டாலும் என் பெயர் அங்கே இருப்பது எனக்குத் தெரியும். பிறகு வார்டன் கூப்பிட்டு, மனுப் போட புரட்டாசி மாதம் வரைக்கும்தான் நேரம், அதற்குள் சான்று வராவிட்டால் வீட்டுக்குக் கிளம்பிவிடு என்றார்.

அப்பா காரியக்காரரிடம் போனார். லீவு சொல்லிவிட்டு ஊருக்கு வந்திருந்த நானும் கூடப் போனேன். அப்பா நின்றுகொண்டேதான் கேட்டார்.

"இத்தனை வருஷமா அளந்த குத்தகைக்கு ஒரு ரசீது எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்ங்க. புள்ள படிச்சுடும்."

காரியக்காரர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அன்பாகத்தான் பேசினார். "ரசீது எதுக்குப்பா? நிலமே இல்லன்னா வருமானம் எங்கேருந்து வரும்? குத்தகைப் பாத்தியதை வேண்டாம்னு தாலுகாவுல ஒரு வார்த்தை சொல்லிடு. நெலமில்லாத கூலின்னு சான்று தானா வந்துடும். ஆர்.ஐ. கிட்ட நானே சொல்றேன். இப்ப நிக்கிற குறுவைப் பயிர நீயே அறுத்துக்க, அதுல நான் கைவைக்கல. பொண்ணு பெரிய படிப்புப் படிச்சுட்டா ஒனக்கெதுக்கு இந்தச் சேறும் சகதியும்?"

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா அப்பாவைக் கேவலமாகப் பார்த்தாள். "செத்தாலும் குடுக்கக்கூடாது. அவ ஊரோடயே இருக்கட்டும். நடவு நட்டுப் பொழைச்சுக்குவா" என்றாள். நான் அழுதேன். எனக்கு நிலமும் வேண்டும், படிப்பும் வேண்டும். இரண்டில் ஒன்றைச் சொல் என்று என்னை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

குறுவை அறுத்து முடிந்ததும் ஒருநாள் காலையில் அப்பா சட்டை போட்டுக்கொண்டு மன்னார்குடிக்குப் போனார். சாயங்காலம் சான்றோடு வந்தார். விவசாயக் கூலி, நிலமில்லை என்று எழுதியிருந்தது. காரியக்காரர் சொன்னபடியே செய்திருந்தார். அம்மா அதை வாங்கிப் பார்க்கவில்லை. அவளுக்குப் படிக்கவும் தெரியாது. அப்பா முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"ஜெயில்ல தூக்கி வச்சப்பகூட இப்படி வயிறு எரியலங்க" என்றாள்.

அப்பா கால் கழுவப் போய்விட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் கட்சிச் சண்டை நடக்கவில்லை. அந்தக் கேலியெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

உதவித்தொகை வந்தது. பரீட்சை முடிந்து, ஹாஸ்டல் காலியாகிற சமயத்தில் வந்தது. வாங்கி அங்கேயே பாக்கிக்குக் கட்டிவிட்டேன். கதிர் காய்ந்த பிறகு வாய்க்காலில் முறைத்தண்ணீர் விடுவதுபோலத்தான் அந்தப் பணம் எப்போதும் வரும். அதற்கு நாங்கள் நன்றி எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும்.

அடுத்த வருஷம் உத்தரவு மாறியது. குத்தகைதாரர் மனுக்களில் குத்தகையைக் கழித்துவிட்டுத்தான் வருமானம் பார்க்கவேண்டும், ரசீது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று வந்தது. ஊருக்கு வந்திருந்தபோது டீக்கடைப் பேப்பரில் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டியவள் நான்தான். கட்டாயம் நம் சங்கதியைக் கேட்டுத்தான் மாற்றியிருப்பார்கள் என்று சொல்லியாவது அப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "இன்னொருக்கா படி" என்றார். படித்தேன். "சரி" என்றார். டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து வீட்டுப் பக்கம் போகாமல் ஆற்றுப் பக்கம் நடந்தார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. அந்தக் கரைத்துண்டை அவர் தோளில் அதற்கப்புறம் நான் பார்த்ததாக நினைவில்லை. எனக்கு அன்று யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

அந்த ஐப்பசியில் தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். இரண்டாம் போகமான தாளடிக்கு நடவு நடந்துகொண்டிருந்தது. முந்தைய வருஷம் எங்கள் பழைய ஐந்து மா பக்கமே போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்த அம்மா, இப்போது அங்கேயே கூலிக்கு நட்டுக்கொண்டிருந்தாள். வேறு வேலை இல்லை. நான் கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு போனேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பெண்கள் குனிந்தபடி வரிசையாகப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். தூக்கை வரப்பில் வைத்துவிட்டு, எப்போதும்போலப் பாவாடையை ஏற்றிச் செருகிக்கொண்டு வயலுக்குள் ஒரு காலை வைத்தேன்.

"ஏறு மேல" என்றாள் அம்மா. "கூலிக்கு வந்தவங்கதான் எறங்கலாம்."

ஏறிவிட்டேன். அந்தப் பக்கத்து வரப்பில் குடையோடு நின்றிருந்த காரியக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். உண்மையிலேயே பிரியமாகத்தான் சிரித்தார்.

"வாம்மா. எப்படிப் படிக்கிற? நல்லாப் படிக்கணும். நீ கவர்மெண்டு காசுல படிக்கிற புள்ள, அத மறந்துடாதே."

அம்மா நிமிர்ந்தாள். கையில் நாற்று முடி இருந்தது. முகத்தில் சேறு.

"கவர்மெண்டு காசு இல்லீங்க" என்றாள். "நீங்க நிக்கிறீங்களே, அந்த வரப்புக்கு இந்தப் பக்கம் இருக்குற வயலு. எம்பொண்ணு அதுலதான் படிக்குது."

நடவுப் பெண்கள் யாரும் தலை நிமிரவில்லை. காரியக்காரர் குடையை மடக்கி மறுபடி விரித்துக்கொண்டு மெதுவாக நடந்து போனார். அம்மா குனிந்து விட்ட இடத்திலிருந்து நட ஆரம்பித்தாள். நான் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் கரையேறும்வரை நின்றேன்.

மறுநாளிலிருந்து அந்த வயலுக்கு நடவுக்கும் அம்மாவைக் கூப்பிடவில்லை.