கூலிங்காரரின் கடல்தொட்டி

எங்கள் தெருவில் என் அண்ணனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூலிங்காரர் என்றால்தான் தெரியும். ஏ.சி., ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பவர். கீழே பட்டறை, மேலே வீடு. வீட்டில் அண்ணன், அண்ணி, நான். அவருக்கும் எனக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அவர் பத்தாவதோடு பள்ளியை விட்டவர். நான் படிக்கும் வயதுக்கு வந்தபோது அவர் சம்பாதிக்கத் தொடங்கியிருந்ததால் என்னால் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் படிக்க முடிந்தது. அதைப்பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. ஆங்கிலத்தில் எது வந்தாலும் என்னிடம் நீட்டுவார், அவ்வளவுதான்.

தொட்டி வந்தது தற்செயலாக. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன ஒரு வாடிக்கையாளர் வீட்டில் ஏ.சி.யைக் கழற்றப் போயிருந்தார். அங்கே இரண்டடி நீளத்தில் ஓர் உப்புத் தண்ணீர்த் தொட்டி. உள்ளே ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் இரண்டு, ஓர் இறால், ஒரு நத்தை. "எடுத்துட்டுப் போறீங்களா, இல்ல கொட்டிடவா?" என்று அந்த அம்மா கேட்டாராம். கொட்டிடவா என்ற சொல்லை அண்ணனால் தாங்க முடியவில்லை. ஏ.சி.யை மறுநாள் கழற்றிக்கொள்ளலாம் என்று போட்டுவிட்டு, முக்கால் தண்ணீரை இறைத்துவிட்டு, தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து சேர்ந்தார்.

அண்ணி வாசலிலேயே நின்றுகொண்டு, "கூலி வாங்கிட்டு வரச் சொன்னா குடும்பத்தையே கூட்டிட்டு வந்திருக்கீங்க," என்றாள்.

அன்றிலிருந்து வேலைக்குப் போகுமுன் அரை மணி நேரம் தொட்டிக்கு. உப்பின் அளவு பார்ப்பார், சூடு பார்ப்பார், ஆவியாகிப் போன அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவார். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு பாடம் உண்டு: "ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான். உப்பு உள்ளேயே நிக்கும். குறையுதேன்னு உப்புத் தண்ணியை ஊத்தினோம், அவ்வளவுதான், ஊறுகாய்!" கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்கூட இதைக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

அந்த இறாலுக்கு அண்ணன் வைத்த பெயர் நர்ஸம்மா. சிவந்த உடம்பு, முதுகில் ஒரு வெள்ளைக் கோடு. மீன்களின் மேல் ஒட்டியிருக்கும் அழுக்கைப் பொறுக்கித் தின்னும் இனம் அது. அண்ணன் கையைத் தண்ணீருக்குள் விட்டால் நடந்து வந்து விரலில் ஏறி, நகத்தின் ஓரத்தைத் துழாவும். "என் நகத்துக் கிரீஸை எடுக்க உலகத்திலேயே இது ஒண்ணாலதான் முடியும்," என்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். குழந்தையை மடியில் போட்டவர் மாதிரி அசையாமல் நிற்பார்.

இரண்டு வருடத்தில் தொட்டி போதவில்லை. மூன்றரை அடியில் புதிதாக ஒன்று வாங்கினார். கீழே வடிகட்டும் பெட்டி, மேலே புது விளக்கு. மீன்கள் படுத்துக்கொள்ள ஒரு கடல் சாமந்தி; பார்க்கப் பூ மாதிரி, ஆனால் அதுவும் உயிர்தான். ஹாலில் சோபா இடம் மாறியது, அண்ணி இரண்டு நாள் அண்ணனிடம் பேசவில்லை. புது விளக்கு நல்ல வெளிச்சம், ஆனால் நல்ல சூடு. மதியத்தில் தண்ணீர் முப்பத்தொரு டிகிரியைத் தொட்டது. தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம் ஒன்று வேண்டும் என்றார் வண்ணமீன் கடைக்காரர்.

"ஊருக்கெல்லாம் குளிர வைக்கிறவன் நான். நான் போய் அதைக் கடையில வாங்குறதா?" என்றார் அண்ணன்.

"அதானே," என்றாள் அண்ணி. "நம்ம ரூமுக்கு ஏ.சி. கேட்டு ஆறு வருஷம் ஆச்சு. மீனுக்கு ஆறு நாள்ல வருது. அடுத்த பிறவியில நான் மீனாப் பொறக்கிறேன்."

ஒரு சனிக்கிழமை மதியம் நான் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அண்ணன் கைப்பேசியை எண்ணெய் படாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றார். "பாப்பா, வீட்டிலேயே கூலர் செய்யுறதைப் பத்தி ஏதோ எழுதியிருக்காங்க. என்னன்னு சொல்லேன்."

காப்பீட்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்க விண்ணப்பங்களைப் படிப்பது. வீட்டுக்கு வந்தபின் ஓர் எழுத்தையும் பார்க்கப் பிடிக்காது. பக்கம் நீளமாக இருந்தது. கம்ப்ரசர் அளவு, எத்தனை சுற்று குழாய், எத்தனை டிகிரியில் நிற்கவேண்டும் என்பதையெல்லாம் சொன்னேன். கீழே சிவப்புக் கோடு போட்ட ஒரு கட்டத்துக்குள் மூன்று வரி இருந்தது. எச்சரிக்கை இல்லாத பக்கம் எங்கே இருக்கிறது என்று நினைத்து விரலால் தள்ளிவிட்டேன்.

"அவ்வளவுதான் அண்ணா. நீங்க பண்றதேதான்."

அவர் சந்தோஷமாகக் கீழே இறங்கிப் போனார். ஒரே வாரத்தில் பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசர், கால் இஞ்ச் செம்புக் குழாய் இரண்டையும் வைத்து இயந்திரம் தயார். குழாயைச் சுருளாக வளைத்து, பற்றவைத்து, கேஸ் ஏற்றி, சுருளை வடிகட்டும் பெட்டிக்குள் இறக்கினார். தண்ணீர் இருபத்தாறில் நின்றது. கடைக்காரரே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கம்பெனி சாமான் மாதிரி இருக்கு!" என்றார்.

ஐந்தாம் நாள் நத்தை மல்லாந்து கிடந்தது. மறுநாள் நர்ஸம்மா ஒரு கல்லின் ஓரத்தில் சாய்ந்திருந்தாள். "சட்டை உரிக்கிறா, தொந்தரவு பண்ணாதீங்க," என்றார் அண்ணன். சாயங்காலம் வரை அப்படியேதான் சொல்லிக்கொண்டிருந்தார். கடல் சாமந்தி சுருங்கிச் சுருங்கி, வார முடிவில் கரைந்தே போனது. மீன்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

பட்டறைக் குழாயடியில் அண்ணன் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். சோப்பு, பிறகு மண்ணெண்ணெய், மறுபடி சோப்பு.

"என்ன அண்ணா?"

"என் கைதான் பாப்பா. கிரீஸ், கேஸ் ஆயில்னு என்னென்னமோ இருக்கு இதில. அதுவும் நம்பி நம்பி வந்து தின்னுச்சு. நானே ஊட்டிக் கொன்னுட்டேன்."

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். எதைத் தேடுகிறேன் என்று தெரியும். செம்பு, பித்தளை இரண்டும் உப்புத் தண்ணீரில் படவே கூடாது, கரைந்து இறங்கும், மீன் தாங்கலாம், இறாலும் நத்தையும் தாங்காது. கல்லும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். மூன்றே வரி. கடைசிவரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று அதே மேசையில் உட்கார்ந்து தினம் இருபது பேருக்குச் சொல்கிறவள் நான்.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் தொட்டிக்குள் கை விடுவதையே நிறுத்தியிருந்தார். வேலை செய்யும்போதுகூடக் கையுறை மாட்டிக்கொண்டார். நான்காம் நாள் காலையில் அண்ணியிடம், "ஞாயிற்றுக்கிழமை வேற இறால் வாங்கிட்டு வரேன். இந்தத் தடவை தொடவே மாட்டேன்," என்று சொல்வது காதில் விழுந்தது.

இனி சும்மா இருந்தால் அதையும் நான்தான் கொல்வேன். போய்ச் சொன்னேன். ஆனால் எப்படிச் சொன்னேன்! "அண்ணா, நேத்து வேற ஒரு இடத்துல படிச்சேன். உப்புத் தண்ணியில செம்பு இருக்கக் கூடாதாமே?"

அவர் ஓடிப்போய்ச் சுருளை வெளியே இழுத்தார். வளைவுகளில் பச்சை பூத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், "அப்ப என் கை இல்லையா?" என்றார். அப்புறம் சிரித்தார். சத்தமாக அண்ணியைக் கூப்பிட்டார். "பார்த்தியா, படிச்ச பொண்ணு வீட்டுல இருந்தா எப்படிக் கண்டுபிடிக்குது பாரு! இவ இல்லன்னா இன்னொண்ணையும் சாகடிச்சிருப்பேன்." கடைக்காரருக்குப் போன் போட்டு, "என் தங்கச்சி கண்டுபிடிச்சா," என்று இரண்டு தடவை சொன்னார். அண்ணி என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். அதைவிட அவள் என்னை அறைந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கல்லையும் மணலையும் அள்ளி வெளியேற்றினோம். மீன்கள் ஒரு வாளியில் சுற்றிக்கொண்டிருந்தன. அண்ணன் உறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் கற்களை எடுத்து எடுத்துத் தந்தார். நான் பக்கெட்டில் அடுக்கினேன். ஒவ்வொரு கல்லைத் தரும்போதும் ஏதாவது பாராட்டு. ஏழாவது கல்லோ எட்டாவது கல்லோ, என்னால் முடியவில்லை.

"அண்ணா, அது வேற இடத்துல இல்ல. நீங்க அன்னைக்குக் காட்டின அதே பக்கம். அதிலேயே இருந்துச்சு. நான் படிக்கல."

அவர் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

"கண்ணுல படலையா, பட்டும் விட்டுட்டியா?"

படவில்லை என்று சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அவர் நம்பியிருப்பார்.

"பட்டுச்சு அண்ணா. கட்டம் போட்டிருந்துச்சு. தள்ளிட்டேன்."

சமையலறையிலிருந்து அண்ணி, "ஹாலை ஏரியாக்கி வச்சிருக்கீங்க, யாரு துடைக்கிறது?" என்று கத்தினாள். அண்ணன் அடுத்த கல்லை எடுத்து என்னிடம் தந்தார்.

"அந்த பக்கெட் நிறைஞ்சிடுச்சு. வேற எடு," என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. அண்ணியிடமும் கடைக்காரரிடமும் அதன்பின் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. இன்றைக்கும் அவர்கள் கணக்கில் நான்தான் கண்டுபிடித்தவள்.

இப்போது புதுக் கல், புது மணல், உப்பில் கரையாத டைட்டேனியம் சுருள். இறால் ஒன்று வந்து நான்கு மாதம் ஆகிறது. அதற்கு அவர் பெயர் வைக்கவில்லை. ஆங்கிலத்தில் எது வந்தாலும் இன்னும் என்னிடம்தான் நீட்டுகிறார். நான் படித்துச் சொல்கிறேன். முடித்ததும் ஒன்று கேட்கிறார், குத்தலே இல்லாத குரலில்:

"கீழ வேற ஒண்ணும் இல்லையே, பாப்பா?"

பக்கத்தின் அடிவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, "இல்லண்ணா," என்கிறேன். தலையை ஆட்டுகிறார். அப்புறமும் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் ஸ்பேனரைக் கையில் எடுக்கிறார்.