நெஞ்சில் இருந்த பழைய தழும்பு

அது நடந்து இருபது வருடம் ஆகப்போகிறது. சாணார்பட்டிப் பக்கம் மல்லிகை போட்டிருந்தோம். நாலு எட்டு வைத்தாலே என் மனைவிக்கு மூச்சு வாங்கியதால் மதுரைக்கு அழைத்துப்போனேன். எக்கோ பரிசோதனையில் காரணம் பிடிபடவில்லை என்று, இதயத்தை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்.

டாக்டர் படத்தில் ஒரு வெள்ளைத் திட்டைக் காட்டினார். "இது பழைய தழும்பும்மா. எப்பவோ மாரடைப்பு வந்து போயிருக்கு. முன்னாடி நெஞ்சு வலிச்சுச்சா?"

என்னைப் பார்க்காமலேயே, "அப்படி ஒண்ணும் இல்லைங்க சார்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதற்கு மூன்று வருடம் முன், முகூர்த்தத்துக்குப் பூப் பறித்த காலையில், "நெஞ்சை அடைக்குது, செத்த நேரம் உக்காந்துட்டு வாரேன்" என்று வரப்பில் உட்கார்ந்தவள் அவள். "வேலைன்னா மட்டும் உனக்கு எல்லா நோவும் வந்துருமே" என்று கத்தியவன் நான். அவள் எழுந்து, வேர்க்க வேர்க்கக் கூடை நிறையப் பறித்தாள்.

"வலிச்சுச்சு சார். நான்தான் நம்பல" என்றேன்.

"அன்னைக்கே வந்திருந்தா இவ்வளவு சேதம் ஆகியிருக்காது" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும், "அதை எதுக்கு அவருகிட்டச் சொன்னீக?" என்று கோபித்துக்கொண்டாள்.

மாத்திரையின் தயவில் இன்றும் என்னோடு இருக்கிறாள். ஆனால் எங்கே வலித்தாலும் என்னிடம் சொல்வதில்லை. நானாகக் கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பாள். அந்தப் பதிலை அவளுக்குப் பழக்கியவன் நான்தான்.