மாநிலப் பறவை எது?

திருவண்ணாமலை பேருந்து நிலையத்துக்கு எதிரில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தில், தினமும் காலை பத்து மணிக்கு ஓர் அம்மா வருவார். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. அரசுத் தேர்வு எழுதுகிறவர்களின் இணையக் குழு ஒன்றுக்கு அன்றாடம் ஒரு பொது அறிவுக் கேள்வியை விடையோடு அனுப்புவார். அனுப்பும் முன் திரையில் விரல் வைத்து வாய்க்குள் ஒருமுறை படித்துப் பார்ப்பார்.

ஒரு பௌர்ணமியன்று கடையில் நல்ல கூட்டம். தமிழ்நாட்டின் மாநிலப் பறவை மயில் என்று அவர் அடித்திருந்ததைப் பின்னால் போகும்போது பார்த்தேன். மரகதப்புறா என்று எனக்குத் தெரியும். வாடிக்கையாளரின் தப்பைச் சுட்டிக்காட்டுவானேன் என்று நகர்ந்துவிட்டேன்.

சில மாதம் கழித்து அந்தக் குழுவில் ஒரு பெண் எழுதியிருந்தாள். அதே கேள்வி தேர்வில் வந்ததாம்; மயில் என்று குறித்து, ஒரே மார்க்கில் வேலை கைவிட்டுப் போனதாம். கடையில் அதைப் படித்ததும் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"தப்பா போட்டுட்டேன் சார். ஒருத்தருமே சொல்லலையே. நீங்க பார்த்திருந்தா சொல்லியிருப்பீங்க இல்ல?"

"சொல்லியிருப்பேங்க," என்றேன்.

எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு எழுதி அனுப்பிவிட்டுப் போனார். அப்புறம் வரவேயில்லை. வந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.