தொப்பிக்காரர் மாட்டுங்காவில் நின்ற கதை

தோல் ஒட்டும் பசையின் நெடி மூக்கில் ஏறினால் போதும், எனக்கு ஒரு வெள்ளைக்காரியின் இருமல் கேட்கும். யாருமே கேட்டிராத இருமல். அவள் இருமியது ஹாலிவுட் பேசக் கற்காத காலத்துக் காதல் படத்தில்.

தாராவியில் எனக்குப் பழக்கமான பை தைக்கும் பாய், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என் பையின் ஜிப்பை மாற்றிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை பட்டறை சும்மாதான் கிடக்கிறது, நீர் சொன்ன அந்த ஊமைப்படத்தைப் போடுவோம், நடுநடுவே வரும் இங்கிலீஷ் எழுத்தைத் தமிழில் சொல்லும் என்றார். உடனே ஒப்புக்கொண்டேன். உள்நோக்கம் இருந்தது.

மாட்டுங்கா ஸ்டேஷனில் எனக்கொரு தோழி. அவள் லேடீஸ் பெட்டியில் ஏறுவாள், நான் பக்கத்துப் பெட்டியில். அதற்குமுன் பிளாட்பாரத்தில் நான்கு நிமிடப் பேச்சு. ஐம்பதை நெருங்கியும் என் வாயில் வராத ஒரு வாக்கியத்தைக் கதாநாயகன் வாயால் சொல்லிவிடலாமென்று அவளையும் அழைத்திருந்தேன்.

பைக்கு உள்ளே வைக்கும் லைனிங் துணிதான் திரை. படம் இரண்டு துண்டு. பாய் இரண்டாவதை முதலில் ஓடவிட்டார். தையல்காரர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் கதாநாயகி இருமிச் செத்தாள். உயரத் தொப்பி வைத்த கதாநாயகன் தரையில் புரண்டு அழுதான். அடுத்த துண்டில் அவளே ஊஞ்சலாடினாள். செத்தவள் எப்படி வந்தாள் என்று பட்டறை கொதித்தது. மறுபிறவி என்றேன். விசில் பறந்தது. பாய் மட்டும், பையைக்கூட உள்புறம் வெளியே தெரியத்தான் தைக்கிறோம், கடைசியில் திருப்பினால் சரியாகிவிடும் என்று தன் கட்சியை நிலைநாட்டினார்.

தொப்பிக்காரன் ரோஜாவோடு மண்டியிட்டான். எழுத்து வந்தது. நான் அதைப் படிக்கவில்லை.

"ஒரு வருஷமா மாட்டுங்கா ஸ்டேஷன்ல, நீ வர்ற வரைக்கும் தினம் ரெண்டு வண்டிய விட்டுட்டு நிக்கிறேன்."

பாய் திரும்பிப் பார்த்தார். "தொப்பிக்காரரு மாட்டுங்காவுல என்னத்துக்கு வே நிக்காரு?"

மறுபிறவியில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம் என்று உளறினேன். பட்டறையே சிரித்தது. என் தோழி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. இருந்த நான்கு நிமிடமும் போயிற்று என்று நினைத்தேன்.

பஸ் ஸ்டாப் வரை அவளோடு நடந்தேன். பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தபிறகுதான் திரும்பினாள்.

"நாளைலேர்ந்து வண்டிய விட வேண்டாம். நானே முன்னாடி வந்துடறேன். தொப்பி மட்டும் போட்டுண்டு வராதீங்கோ."