மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்கு, மடங்காத காலோடு

சென்னைக்குப் படிப்புக்கோ பயிற்சிக்கோ போகிறவர்களுக்காக எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். நான் சொல்லப்போவது எழுபதுகளின் நடுவில் போய் வந்த பயணம். தூரம் என்னவோ ஐந்தாறு கிலோமீட்டர்தான். அந்த அளவுக்கு நான் அதற்குப் பிறகு விமானத்தில்கூடப் பயந்ததில்லை.

அப்போது திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். வேலையில் இருப்பவர்களுக்கு அடையாறில் இரண்டு வாரப் புத்தாக்கப் பயிற்சி என்று அறிவிப்பு வந்தது, கிளம்பிவிட்டேன். படிப்பு ஆசை பாதி. மீதி இசக்கியம்மாளுக்காக. அவள் என்னிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த பெண், பத்தொன்பது வயது. இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் போய்விட்டது. தொடை வரை இரும்புக் கம்பியும் தோல் வாரும் கொண்ட கேலிப்பர் போட்டு, கையில் ஒரு தடியோடு நடப்பாள். கேலிப்பர் போட்ட முழங்கால் மடங்காது.

தியாகராய நகரில் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர் ஒருவரின் ஜவுளிக்கடையில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. தங்குவதற்கு மயிலாப்பூரில் அத்தை வீடு. தினமும் பஸ்ஸில் போய் வர வேண்டும், அதுதான் சிக்கல். அவள் அப்பா கொம்பையா என்னிடம் வந்து, "நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்கம்மா. முடியும்னா அனுப்புதேன். இல்லன்னா இந்தப் பேச்சையே விட்டுருதேன்" என்று சொல்லிவிட்டார். ஒரு பெண்ணின் பிழைப்பு என் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பயிற்சியின் கடைசி வாரத்தில் வகுப்பு நடத்திய அம்மையார் ஒரு நாள் எல்லோரிடமும் ஒரு மரச்சட்டத்தையும் தடியையும் பாண்டேஜ் சுருள்களையும் கொடுத்தார். "நாளைக்கு வகுப்பு கிடையாது. ஒரு காலை மடங்காமல் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்வாருங்கள். மாலைக்குள் சட்டம் இங்கே வந்துவிட வேண்டும்" என்றார். துணைக்கு யாராவது வரலாமா என்று கேட்டேன். "உங்கள் நோயாளிகளோடு யார் போகிறார்கள்?" என்று திருப்பிக் கேட்டார். இசக்கி போக வேண்டிய வழியிலேயே போய்ப் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

நான் தங்கியிருந்தது மயிலாப்பூரில், கோயில் குளத்துக்கு மேற்கே ஒரு வீட்டில். காலையில் கட்டுப் போட்டுக்கொண்டு படி இறங்கியபோது வீட்டுக்கார மாமி பதறிப்போய், "என்னடிம்மா இது, நன்னா இருக்கற காலைக் கட்டிண்டு? பேசாம ஆத்துலயே இருக்கப்படாதோ?" என்றார். இருந்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது.

இடது காலில் கட்டு, வலது கையில் தடி. பஸ் வந்தது. அப்போதெல்லாம் பின்பக்கம்தான் ஏறும் வழி. ஏறும்போது பிடிக்கிற கம்பி நம் இடது கைப்பக்கம் இருக்கும். இடது கையால் கம்பியைப் பிடித்தேன், நல்ல காலை மேலே வைத்தேன், தடியை ஊன்றிக் கட்டுக் காலை இழுத்துக்கொண்டேன். ஏறியாகிவிட்டது! கண்டக்டர், "உள்ள போம்மா, உள்ள போ" என்றார், அவ்வளவுதான். டிக்கெட் இருபத்தைந்து பைசா என்று நினைவு. ஆழ்வார்பேட்டை தாண்டும்போது ஒரு புண்ணியவான் எழுந்து இடம் கொடுத்தார். பாண்டி பஜாரில் இறங்கியபோது உடம்பெல்லாம் வியர்வை, ஆனால் மனசு லேசாகிவிட்டது. இசக்கியை அனுப்பலாம், தாராளமாக அனுப்பலாம் என்று தீர்மானமே செய்துவிட்டேன்.

கடையைக் கண்டுபிடித்துப் போனேன். மேற்பார்வை பார்த்த அண்ணாச்சி, எங்கள் ஊர்ப் பேச்சு கொஞ்சமும் மாறாதவர், கலர் சோடா வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார். "தீவாளிக் கூட்டத்துக்கு முந்தி ஆள் வேணும். பிள்ளைக்கு மாடியிலதான் வேல. படிக்கட்டுல ஒரு பக்கந்தான் பிடி இருக்கு. அவளுக்கு எந்தக் காலும்மா?" என்று கேட்டார்.

"வலது கால்" என்றேன். சொல்லிவிட்டு என் காலைக் குனிந்து பார்த்தேன். கட்டு இடது காலில் இருந்தது.

எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கிறுக்கு வரும். ஆண்டுக்கணக்காக அவளுக்கு எதிரே நின்று நடக்கப் பழக்கியிருக்கிறேன். எதிரே நிற்பவரின் வலது கால் நம் இடது பக்கம்தானே தெரியும்? என் மனசுக்குள் இசக்கியின் கால் எப்போதும் அந்தப் பக்கமே இருந்திருக்கிறது. காலையில் கட்டுப் போட்டபோது கை தானாக அங்கே போய்விட்டது. அப்படியானால் இவ்வளவு நேரம் நான் போய் வந்தது அவளுடைய பயணமே இல்லை. அண்ணாச்சி, "என்னம்மா, முகமெல்லாம் வெளுத்துட்டு?" என்றார். துணி மாற்றும் அறைக்குப் போய்க் கட்டை வலது காலுக்கு மாற்றிக்கொண்டேன்.

சட்டத்தைத் திருப்பிக் கொடுக்க, பனகல் பூங்கா பக்கம் அடையாறு பஸ்ஸுக்கு நின்றபோதுதான் விஷயம் உறைத்தது. வலது கால் கட்டில் இருந்தால் தடி இடது கைக்கு வந்துவிடும். கம்பியும் இடது பக்கம். தடியைக் கை மாற்றிவிட்டுத்தான் கம்பியைப் பிடிக்க முடியும். மாற்றுகிற அந்த நொடியில் எதையும் பிடிக்காமல், முட்டித் தள்ளும் கூட்டத்தில், மடங்காத காலில் நிற்க வேண்டும். முதல் பஸ் வந்தது, போய்விட்டது. இரண்டாவது பஸ்ஸிலும் ஏற முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்குக் கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு ஓட வழி இருந்தது. இசக்கிக்கு அது கிடையாது.

பக்கத்தில், அடையாறு கடற்கரையோரம் இருக்கிற ஊரூர் குப்பத்து மீன்காரம்மா ஒருத்தி காலிக் கூடையோடு நின்றிருந்தாள். "இன்னாம்மா, ரெண்டு பஸ் போய்க்கீது, நின்னுக்கினே கீற? கைய குடு, தூக்கி வுடறேன்" என்றாள்.

கையைப் பிடித்து இழுத்தால் விழுவது நிச்சயம். "கையைப் பிடிக்காதீங்கம்மா, இந்தத் தடியை மட்டும் பிடிங்க" என்றேன். முன்பின் தெரியாதவளிடம் அதைக் கேட்க எனக்கு அத்தனை கூச்சமாக இருந்தது.

"அவ்ளோதானே? குடு. என் கூடையப் பாத்தா நிறுத்தவே மாட்டான். உன் காலப் பாத்தாவது நிறுத்தறானா பாப்போம்" என்று சிரித்தாள்.

பஸ் நின்றது. தடியோடு அவள் முதலில் ஏறினாள். நான் இடது கையால் கம்பியைப் பிடித்து இடது காலைப் படியில் வைத்தேன். வலது கால் இன்னும் ரோட்டில் இருந்தது. அப்போது கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். பஸ் நகர்ந்தது. கட்டுக் கால் தார் ரோட்டில் தரதரவென்று இழுபட்டது. "ஐயோ!" என்று அலறினேன். செத்தேன் என்றே நினைத்தேன்.

"யோவ்! கால் ரோட்ல கீதுயா! கண்ணு தெர்ல உனுக்கு? நிறுத்துயா வண்டிய!" மீன்காரம்மா போட்ட சத்தத்தில் பஸ் குலுங்கி நின்றது. கண்டக்டர் ஓடி வந்தார். அவருக்கும் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. என்னை உட்காரவைத்து, தடியை மடியில் வைத்துவிட்டு, "ஒண்ணும் ஆவல, பயப்படாத" என்று மீன்காரம்மா முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். அடையாறில் இறங்கிக் காலைப் பார்த்தேன். சட்டத்தின் அடிப்பக்கம் சிராய்த்துப் போயிருந்தது.

நடக்கச் சிரமப்படுகிறவரோடு பஸ் பயணம் போகிறவர்களுக்கு இதையெல்லாம் சொல்லி வைக்கிறேன். எந்தக் கால் என்பதை அவர் பின்னால் நின்று பாருங்கள், எதிரே நின்று பார்க்காதீர்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தடியை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு காலும் மேலே வரும்வரை வண்டி நகராமல் பார்த்துக்கொள்ள, சத்தம் போடக் கூச்சமில்லாத ஓர் ஆள் வேண்டும். பஸ் நம்பரைக் கேட்காதீர்கள், எல்லாம் மாறிவிட்டது.

ஊர் திரும்பிய மறுநாள் கொம்பையா மகளோடு வந்து நின்றார். "என்னம்மா சொல்லுதிய? பயமில்லாம போயி வந்திருவாளா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இழுபட்டது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் இருண்டுவிட்டது. போச்சு, இந்தப் பெண்ணின் வேலையை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இசக்கி மட்டும் அமைதியாக, "அக்கா, வலது கால்ல கட்டிட்டு ஏறும்போ எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"செத்துப் பிழைச்சேன்."

"அப்போ சரியாத்தான் கட்டியிருக்கீய. நம்ம டவுன் பஸ்ல எனக்குத் தெனமும் அப்பிடித்தான்."

கொம்பையா திடுக்கிட்டு மகளைப் பார்த்தார். "இத்தன வருசமா ஒரு வார்த்த சொல்லலியேட்டி?"

"சொன்னா பஸ்ல விட்டிருப்பியளா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, மெட்ராஸ் ரயிலுக்கு எங்கே போய் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று கேட்டார்.