இருபத்தெட்டாவது துண்டு

"மூச்ச நல்லா இழுங்க. பிடிச்சுக்கோங்க, அசையாதீங்க. ம், விடலாம்."

பத்தொன்பது வருடமாக எக்ஸ்ரே அறையில் அவள் சொல்லி வரும் வசனம் இவ்வளவுதான். இதற்குப் போலீஸ்காரர் கட்டுப்பட்டிருக்கிறார், பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் கட்டுப்பட்டிருக்கிறார். வாசலில் ஐந்து அடியாட்களை நிறுத்திவிட்டு வந்த ரவுடி ஒருவன்கூடச் சட்டையைக் கழற்றி, பலகையில் நெஞ்சை ஒட்டி வைத்து, சமர்த்தாக மூச்சைப் பிடித்திருக்கிறான். கட்டுப்படாதவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அவள் கணவர். இன்னொருத்தி அவள் பெற்ற பதினான்கு வயது மகள்.

அவளுக்குப் புத்தகம் படிக்கிற வியாதி உண்டு. வியாதி என்பது கணவர் வைத்த பெயர். விருந்தாளிகள் வந்தால் மட்டும் அது "நல்ல பழக்கம்" ஆகிவிடும். "எங்க வீட்ல அவ ரொம்பப் படிப்பா," என்று, ஏதோ தானே பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிச் சொல்லிக் கொடுத்த மாதிரி அவர் பெருமைப்படுவார். விருந்தாளிகள் போனதும், "அந்தக் குப்பையக் கீழ வச்சிட்டு என் சாக்ஸ் எங்கன்னு சொல்லு" என்பார்.

படிக்க அவளுக்குக் கிடைக்கும் நேரம் எது என்று கேட்டால், ஓர் உடைந்த கைக்கும் அடுத்த உடைந்த காலுக்கும் நடுவில் உள்ள நாலு நிமிடம். வேலை நேரத்தில் செல்போன் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சுற்றறிக்கை உண்டு. காகிதம் கூடாது என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் அவளுக்குப் பிடித்ததெல்லாம் தலையணை தலையணையாக இருக்கும் துப்பறியும் நாவல்கள். கோட்டுப் பையில் தலையணை நுழையுமா? அதனால் அவள் கத்தியை எடுத்தாள்.

பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்த புத்தகத்தின் அட்டையை உரிப்பாள். முதுகுப் பக்கம் தையலைப் பார்த்து பிளேடால் கீறுவாள். முப்பத்திரண்டு பக்கத்துக்கு ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டின் மூலையிலும் பென்சிலால் எண். ஒரு துண்டு கோட்டுப் பையில் போகும், மிச்சம் வீட்டில் வரிசையாகக் காத்திருக்கும். முழுப் புத்தகமும் முடிந்தபின் மெத்தை தைக்கிற நூலால் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து, பசை தடவி, அட்டை போடுவாள். அட்டை எது தெரியுமா? ஆஸ்பத்திரியில் கழித்துக் கட்டிய பழைய எக்ஸ்ரே ஃபிலிம். நோயாளியின் பெயர் இருக்கும் மூலையை வெட்டிவிட்டுத்தான் கொண்டு வருவாள். காதல் கதைக்கு விலா எலும்பு, பயணக் கதைக்குக் கணுக்கால், கொலைக் கதைக்கு மண்டை ஓடு. அவள் அலமாரியைத் திறந்தால் சின்ன சுடுகாடு மாதிரி இருக்கும்.

"ஐயையோ, புஸ்தகத்தப் போயி வெட்டலாமா? பாவம் இல்லையா?" என்று ஒரு நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நாத்தனார் கடைசியாக ஒரு புத்தகத்தைத் திறந்தது அதற்குள் ரசீது வைப்பதற்காக.

"நான் வெட்டிப் படிக்கிறேன் அண்ணி. நீங்க வெட்டாம படிக்காம இருக்கீங்க," என்றாள் இவள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. போக்குவரத்தும் கொஞ்ச நாள் முடிந்தது.

இன்னொரு பிடிவாதம்: கடைசிப் பக்கத்தை முன்னால் புரட்டவே மாட்டாள். முடிவை யாராவது சொல்ல வாயெடுத்தால் எழுந்து போய்விடுவாள். ஒருமுறை எலும்பு டாக்டர், "அந்தக் கதையா? அதுல கொன்னது..." என்று ஆரம்பித்தார். அவள் சட்டென்று, "டாக்டர், அசையாதீங்க!" என்றாள். டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மகள் இதற்கு நேர்மாறு. எந்தப் புத்தகமானாலும் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, "படிச்சாச்சு" என்பாள்.

இந்த முறை சிக்கியது எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு பக்கம். இருபத்தெட்டுத் துண்டு. கப்பல் கம்பெனி முதலாளி ஒருவர் பூட்டிய அறைக்குள் செத்துக் கிடக்கிறார். அறையில் இருந்த சுவர்க்கடிகாரம் நின்றுபோயிருக்கிறது, அதற்குச் சாவி கொடுக்கிற சாவியைக் காணோம். சாவி யாரிடமோ அவர்தான் கொலைகாரர் என்று துப்பறிகிறவர் முதல் துண்டிலேயே சொல்லிவிட்டார். சொன்னவர் கண்டுபிடிக்க வேண்டாமா? இருபத்தேழு துண்டுக்கு அலைகிறார். அவளும் ஐந்து மாதம் கூடவே அலைந்தாள். குடும்ப டாக்டர் மீது அவளுக்குச் சந்தேகம். டாக்டர்களைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? முதலாளியின் சித்தி ஒருத்தி வருகிறாள், வாயில்லாப் பூச்சி, எல்லாருக்கும் பணிவிடை செய்தே தேய்ந்தவள். பதினான்காவது துண்டில் அந்தச் சித்தியை வீட்டார் திட்டித் தீர்க்கிற இடத்தைப் படித்துவிட்டு, ஒரு கிழவருக்கு இடது முழங்காலுக்குப் பதில் வலது முழங்காலைப் படம் எடுத்துவிட்டாள். அந்த அளவுக்குக் கண்ணீர்.

படிக்காத துண்டுகளை அவள் வைத்திருந்தது சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷினுக்கு மேலுள்ள பலகையில், சோப்புத்தூள் டப்பாவுக்கு அடியில். அந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் எட்டிக்கூடப் பார்க்காத இடம் அது ஒன்றுதான். வங்கி லாக்கரைவிடப் பத்திரம்.

வியாழக்கிழமை அவள் வேலை முடிந்து வந்து, துணியைப் போட்டு மெஷினை ஓட்டினாள். சத்தமே இல்லை. வழக்கமாகத் துணி பிழியும் நேரத்தில் அது தடதடவென்று ஆடி, இரண்டடி நடந்து, வாசலுக்குப் போக வழி கேட்கும். ஒரு காலின் ரப்பர் தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. அன்று அது தியானத்தில் இருப்பது போல நின்றது.

"யாரு சரி பண்ணா?"

"நான்தான்," என்றார் கணவர், மார்பைக் கொஞ்சம் முன்னால் தள்ளி. "சும்மா சும்மா ஆள் கூப்பிடணுமா? மனசு வச்சா அஞ்சு நிமிஷ வேலை."

அவள் அசந்துபோய்விட்டாள். "பரவாயில்லயே! கை ராசிக்காரர்தான் நீங்க," என்று வாயாரச் சொல்லி, கூட ஒரு காப்பியும் போட்டுக் கொடுத்தாள். அந்தக் காப்பியை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கு அதிகம் வயிறு எரிந்தது.

சனிக்கிழமை மாலை இருபத்தேழாவது துண்டு முடிந்தது. துப்பறிகிறவர் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து, "சாவி இந்த அறையில் இருக்கிறது" என்கிறார். துண்டு அங்கே நிற்கிறது. கடைசித் துண்டை ஆஸ்பத்திரி வாசனையில் படிக்க அவளுக்கு மனசில்லை. ஞாயிறு காலை பத்திலிருந்து பதினொன்று வரை என்று முடிவு செய்தாள். சாயங்காலமே காய் நறுக்கி வைத்தாள், சீருடைகளுக்கு இஸ்திரி போட்டாள், வரக்கூடிய எல்லாக் கேள்விகளுக்கும் முன்கூட்டியே பதில் சொன்னாள். "சாக்ஸ் ரெண்டாவது டிராயர்ல. கத்தரிக்கோல் ஃப்ரிட்ஜ் மேல. நாளைக்குப் பத்து டு பதினொண்ணு நான் செத்துப்போயிட்டேன்னு நெனச்சுக்கோங்க."

ஞாயிறு பத்து மணி. சோப்புத்தூள் டப்பாவைத் தூக்கினாள். அடியில் பலகைதான் இருந்தது.

டப்பாவுக்குள் பார்த்தாள். பலகைக்குப் பின்னால் பார்த்தாள். அழுக்குக் கூடையைக் கொட்டினாள். பிறகு கூடத்துக்கு வந்தாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் பயம்.

"மெஷின் மேல இருந்த என் துண்டு எங்க?"

"துண்டா? குளியலறையிலதான தொங்குது," என்றார் கணவர் பேப்பரை இறக்காமல்.

"துடைக்கிற துண்டு இல்ல. படிக்கிற துண்டு. மூலையில இருபத்தெட்டுன்னு எழுதியிருக்கும்."

பேப்பர் மெல்ல இறங்கியது. "அந்தக் கிழிஞ்ச புக்கா?"

"கிழிஞ்ச புக்கு இல்ல. கிழிச்ச புக்கு."

"அட்டை இல்ல, முன்னாடி இல்ல, பின்னாடி இல்ல. குப்பைன்னு நெனச்சேன்மா. சரியா அந்தக் காலுக்கு... நாலா மடிச்சா கச்சிதமா..."

அதற்குமேல் அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவள் போய் மெஷினை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். ஐந்து மாதம் அவள் காத்திருந்த முடிவு, நாலாக மடிந்து, நாற்பது கிலோ எடைக்கு அடியில், மூன்று நாள் சோப்புத் தண்ணீர் குடித்து, உப்பிக் கிடந்தது. இழுத்தபோது கடைசித் தாள் ரப்பரோடு ஒட்டிக்கொண்டது. சுரண்டினால் நகத்தில் கூழ்தான் வந்தது. நடுவிலுள்ள தாள்கள் பிழைக்கும். கடைசி இரண்டு பக்கம் போயே போய்விட்டது.

"வேற வாங்கித் தரேன்," என்றார் பின்னால் வந்து நின்ற கணவர்.

"எங்க? அச்சடிச்சே முப்பது வருஷம் ஆகுது."

"கதைதானம்மா? யாரு கொன்னா என்ன, செத்தவன் எழுந்து வரப்போறானா?"

அவள் திரும்பினாள். கையில் ஈரத் துண்டு சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம். இந்த மூலைக்கு நீங்க ஒரு நாள் வந்ததில்ல. சட்டை எப்படி வெளுக்குதுன்னு கேட்டதில்ல. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ வந்தீங்க. வந்து இத்தன செங்கல்லு, அட்டை, மரக்கட்டை எல்லாத்தையும் விட்டுட்டு, என்னோடது எதுன்னு பாத்து எடுத்திருக்கீங்க."

"பாத்தெல்லாம் எடுக்கல..."

"அதத்தான் சொல்றேன். பாக்கவே இல்ல. நான் காப்பி வேற போட்டுக் குடுத்தேன்! அந்தக் காப்பியத் திருப்பிக் குடுங்க."

மனிதர் முழித்தார். கொலை வழக்கில் சிக்கியவர்கள்கூட இப்படி முழித்ததாக அவள் படித்ததில்லை.

அப்போது மகள் வந்தாள், வாயில் பிரஷ்ஷோடு. விஷயம் கேட்டாள். நுரையைத் துப்பிவிட்டு, "கடைசிப் பக்கமா? அத நான் படிச்சிட்டேனே," என்றாள்.

"எப்ப?"

"நீ வெட்டுன அன்னிக்கே. எப்பவும் நீ வெட்டுனதும் கடைசித் துண்டோட கடைசிப் பக்கம் படிச்சிடுவேன். இது செம மொக்கைம்மா. ஒண்ணுமே இல்ல. கடைசி வரி மட்டும்தான் ஞாபகம் இருக்கு. சொல்லவா?"

அவளுடைய வாழ்நாள் கொள்கை அந்த நொடியில் சமையலறை வாசலில் நின்று தள்ளாடியது. காதைப் பொத்திக்கொள்ளலாம். பொத்தினால் சாகும்வரை தெரியாது. பொத்தாவிட்டால், ஐந்து மாத உழைப்பின் பலன், பல் தேய்க்கிற வாயிலிருந்து நுரையோடு வரும். இரண்டுமே அநியாயம். இரண்டையும் செய்தவர் பனியனோடு பக்கத்தில் நிற்கிறார்.

"சொல்லித் தொலை," என்றாள்.

"'எல்லாரும் போன பிறகு சித்தி எழுந்துபோய்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாள்.' அவ்ளோதான். இதெல்லாம் ஒரு முடிவா?"

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

சித்தி! வாயில்லாப் பூச்சி! யாருக்காக ஒரு கிழவரின் தப்பான முழங்காலைப் படம் எடுத்தாளோ அந்தச் சித்தி! எல்லார் எச்சில் தட்டையும் கழுவிக்கொண்டே, எண்ணூறு பக்கம், இடுப்பில் சாவியோடு! துப்பறிகிறவர் அவளைத் தாண்டி எத்தனை முறை நடந்திருப்பார். ஒரு தடவையாவது பார்த்தாரா? அவளுக்குச் சித்தி மேல் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கோபம் சித்தியை விட்டுவிட்டு வேறு பக்கம் போனது.

"என்னம்மா? யாரு சித்தி? சாவி குடுத்தா என்ன?" என்று மகள் உலுக்கினாள்.

"ஆமா, சாவி குடுத்தா என்ன?" என்றார் கணவரும், சமாதானத்துக்கு வழி கிடைத்த சந்தோஷத்தில்.

"தெரியணுமா? இருபத்தேழு துண்டு இருக்கு. ஒண்ணுலேர்ந்து படிங்க."

"சுருக்கமா சொல்லேன்மா!"

"மாட்டேன்."

எழுந்து ஸ்கேல் எடுத்தாள். ரப்பர் காலுக்கும் தரைக்கும் நடுவே வைத்து அளந்தாள். எட்டு மில்லிமீட்டர். பிறகு ஸ்கேலோடு வீட்டைச் சுற்றி வந்தாள். மகளின் கணக்குப் புத்தகம், பதினான்கு. போதாது என்றில்லை, அதிகம். மகள் அதற்குள் தன் அறைக்கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டாள், புத்திசாலி.

கணவரின் மேஜையில் ஒரு நீலக் கோப்பு உண்டு. பத்திரிகை ஆசிரியர்களுக்கு அவர் எழுதி, அச்சில் வந்த கடிதங்கள். பன்னிரண்டு வருடத்தில் நாற்பத்தொன்று. நடைபாதைக் கல் பெயர்ந்திருக்கிறது, தெருவிளக்கு எரியவில்லை, மக்களுக்குப் பொறுப்பு என்பதே இல்லை. ஒவ்வொன்றையும் வெட்டி, ஒட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். ஸ்கேலை வைத்தாள். எட்டு. கச்சிதம்.

"ஏய், ஏய், அது என்னோட..."

"முன்னாடி இல்ல, பின்னாடி இல்ல. வெறும் வெட்டுன காகிதம். குப்பைன்னு நெனச்சேங்க," என்றாள் அவள். "பயப்படாதீங்க. பிளாஸ்டிக் உறை. உங்களுது நனையாது."

அவர் இரண்டு அடி முன்னால் வந்தார்.

"மூச்ச இழுங்க," என்றாள். பத்தொன்பது வருடக் குரல். சுவரில் இருந்த பல்லிகூட நின்றது. "பிடிச்சுக்கோங்க. அசையாதீங்க."

முதல் முறையாக அந்த வீட்டில் ஓர் ஆள் கட்டுப்பட்டார். அவள் மெஷினைச் சாய்த்து, கோப்பைச் செருகி, அவருடைய திங்கட்கிழமைச் சட்டையை உள்ளே போட்டு, பொத்தானை அழுத்தினாள். தண்ணீர் இறங்கியது. உருளை சுற்ற ஆரம்பித்தது. துளி ஆட்டமில்லை.

பிழைத்த தாள்களை இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்துத் தேய்த்து எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். பதினொன்றாக இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கதவைச் சாத்தும்போது பார்த்தாள், மனிதர் இன்னும் மெஷின் பக்கத்திலேயே, முகம் சிவக்க நின்றுகொண்டிருந்தார்.

விடலாம் என்று அவள் சொல்லவில்லை.