முழங்கை உயரம்

கதிரை, மேசை செய்வது எங்கள் வேலை இல்லை. நங்கூரச் சங்கிலி, பார்ஜுக்குத் தகடு, பாரம் இழுக்கிற விஞ்ச் உடைந்தது, இவைதான் பட்டறைக்கு வரும். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பட்டறை. முதலாளி கிண்ணியாக்காரர். எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். நான் வெல்டிங்கும் கடைசலும் செய்தேன். வெளிநாட்டுச் சாமான் வராத காலம் அது. எது உடைந்தாலும் இங்கேயே ஒட்ட வேண்டும். இல்லாததை இங்கேயே செய்ய வேண்டும்.

ஒரு மத்தியானம் ஒரு பெண் பட்டறைக்கு வந்தார். பெண்கள் அங்கே வருவது குறைவு. வந்தாலும் வாசலில் நின்று ஆளைக் கூப்பிடுவார்கள். இவர் குடையை மடக்கிக்கொண்டு நேரே உள்ளே வந்தார். நாற்பது வயது இருக்கும். எதிரே இருந்த கப்பல் ஏஜென்ட் கந்தோரில் டைப்பிஸ்ட். பாலையூற்றிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். வீதியில் எல்லோருக்கும் அவர் மிஸ்.

நானா எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்துத் துணியால் துடைத்து வைத்தார்.

"இரிங்க மிஸ்."

"வேண்டாம். இருந்து இருந்துதான் இந்தத் தோள் வருத்தம். நிண்டே சொல்லுறன்."

நின்றே சொன்னார். கொழும்புக் கந்தோரிலிருந்து பெரிய டைப் மெசின் ஒன்று வந்திருக்கிறது. கப்பலில் ஏறும் சரக்கு விபரத்தை அகலக் கடதாசியில் அடிக்கிற நீட்டு மெசின். இடையில் காபன் பல அடுக்கு. ஓங்கிக் குத்தினால்தான் கடைசித் தாளில் எழுத்து விழும். மெசினும் உயரம், மேசையும் உயரம், கதிரை மட்டும் பதிவு, உயரம் காணாது. பகல் முழுக்கத் தோளைத் தூக்கியபடி அடிக்க வேண்டும். முதலில் தோள் நொந்தது. இப்போது விரல் விறைக்கிறது.

"தேயிலைக் கப்பல் ஒண்டு வருது. இந்தக் கப்பலோட பாப்பம் எண்டு பெரிய கிளாக்கர் சொல்லிப்போட்டார். எனக்கு ஏலாட்டில் அடுத்த திங்கட்கிழமை வேற பிள்ளை வருவா. பிள்ளையையும் பாத்து வைச்சிட்டினம்."

அழவில்லை. குரலும் மாறவில்லை. அவர் வீட்டில் அந்தச் சம்பளம் ஒன்றுதான் என்று நானா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"கதிரையைத் திருத்தக் கந்தோர் விட்டிருக்கு. அது ஏறி இறங்க வேணும். ஏலுமோ?"

"கதிரையா மிஸ் கேக்கிறீங்க, கிரேனா?" என்றார் நானா.

"கிரேன் எண்டாலும் பரவாயில்லை. கொஞ்சம் சின்னதாச் செய்யுங்கோ."

நானா சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏலும் என்றேன்.

பழைய இழுவைப் படகு ஒன்றைக் கழற்றியபோது வந்த வால்வு ஒன்று மூலையில் கிடந்தது. நல்ல பித்தளைத் தண்டு. தடித்த திருகுப் புரி. தலையில் கையால் சுற்றும் சிறு சக்கரம். கடல் தண்ணீரை அடைத்து வைத்த சாமான், ஒரு ஆளைத் தாங்காதா? தண்டைக் கதிரைக்கு நடுக்காலாக வைத்தேன். சக்கரத்தை இருக்கைக்குக் கீழே கைக்கு எட்டுமாப்போல வைத்தேன். சுற்றினால் இருக்கை ஏறும், மற்றப் பக்கம் சுற்றினால் இறங்கும். இருக்கைக்கு முதிரைப் பலகை.

முதுகுக்கு அகலமாக ஒரு பலகை போட நினைத்திருந்தேன். அவர் மறித்தார். இடுப்புக்கு மேலே ஒரு சின்னத் துண்டு போதும், ஆனால் அது கூடவே வர வேண்டும் என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் அந்த எண்ணெய் டின்னில் இருந்துகொண்டு, முன்னுக்குச் சாய்ந்து, பின்னுக்கு வந்து காட்டினார்.

"பாருங்கோ தம்பி. நான் முன்னுக்குப் போகேக்க முதுகு தனிச்சுப் போகுது. ஆரும் பின்னால ஒரு கை வைச்ச மாதிரி வேணும்."

லொறி வில்லுத் தகடு ஒன்றை மெல்லிசாகத் தட்டி வளைத்து, அதன் தலையில் அந்தத் துண்டைப் பூட்டினேன். சாய்ந்தால் போகும், நிமிர்ந்தால் கூட வரும். அவர் கதிரையில் ஏறி இருந்து, முன்னால் மெசின் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வெறுங்காற்றில் அடித்துப் பார்த்தார். கண் எங்கேயோ. விரல்கள் ஓடின. பட்டறை முழுவதும் வேலையை நிற்பாட்டிவிட்டுப் பார்த்தது.

"மிஸ் காத்திலயே கப்பலை ஏத்தி அனுப்பிட்டா" என்றார் நானா.

அவர் காதில் விழுந்ததோ தெரியாது. இறங்கிச் சக்கரத்தை அரைச் சுற்றுச் சுற்றி, திரும்ப இருந்தார். அதைப்போல எத்தனையோ தரம். வலியுள்ள ஆள் அவசரப்படும். அவர் அவசரப்படவில்லை. உடம்பைக் கருவி மாதிரி வைத்து அளந்தார். எனக்கு அது பிடித்துக்கொண்டது. கதிரையை உயர்த்தினால் கால் தொங்கியது. அதனால் சரிவாக ஒரு கால் பலகையும் செய்து கொடுத்தேன்.

கதிரையை நானே கந்தோருக்குக் கொண்டுபோனேன்.

அந்தக் கந்தோரில் கதிரைக்கு ஒரு முறை இருந்தது. பியோனுக்கு முக்காலி. கிளாக்கர்மாருக்குக் கைபிடி இல்லாத கதிரை. பெரிய கிளாக்கருக்கு மட்டும் கைபிடியோடு உயர்ந்த கதிரை. அதன் நாலு காலுக்கும் கீழே மரக்கட்டை வேறு. எல்லோர் தலைக்கும் மேலே அவர் தலை தெரியும். ஆள் கட்டை. வெள்ளைக்காரன் காலத்தில் அந்த முக்காலியில் தொடங்கி அந்தக் கதிரைக்கு வந்தவர். களவு பொய் இல்லாத மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். மேசைக்குக் கீழே அவர் கால் ஆடிக்கொண்டே இருக்கும். கால் ஆடினால் ஐயாவுக்குக் கோபம் என்று கிளாக்கர்மார் குனிந்துகொள்வார்கள்.

மிஸ் சக்கரத்தைச் சுற்றி ஏறினார். மெசினில் கை வைத்தார். தோள் இறங்கி இருந்தது. முகத்திலேயே தெரிந்தது. பிறகு நான் பெரிய கிளாக்கரைப் பார்த்தேன். அவர் தலைக்கு மேலே மிஸ்ஸின் தலை நின்றது.

"மிஸ், நான் இனி உங்களை அண்ணாந்து பாத்தோ வேலை சொல்லுறது?"

ஒரு கிளாக்கர் இருமினார். மற்றவர்கள் கடதாசியைப் பார்த்தார்கள்.

"கை இறங்க வேணும் ஐயா. அதுக்குத்தான்."

"கை இறங்கட்டும். ஆள் ஏன் ஏற வேணும்?" என்னிடம் திரும்பினார். "தம்பி, நீர் அதை மற்றக் கதிரையளின்ர உயரத்தில வைச்சு ஒட்டிவிடும்."

"இங்க ஒட்ட ஏலாது ஐயா. பட்டறைக்குக் கொண்டு போக வேணும்."

அது உண்மைதான். ஆனால் ஒட்டுகிற எண்ணம் எனக்கு இல்லை.

வேலை முடிந்ததும் மிஸ் பட்டறைக்கு வந்தார். நான் அவரைப் பார்க்காமல் அரம் போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய கிளாக்கரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இரும்பைப் பிடிச்சிருக்கிற இதென்ன?"

"வைஸ்."

"உங்கட முழங்கைக்கு நேர வைச்சிருக்கிறியள். ஏன்?"

நான் யோசித்தேன். எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான். வைஸ் முழங்கை உயரத்தில் இருந்தால் தோள் நோகாது, அரம் நேரே ஓடும். வேலை பழகின முதல் நாளே கை அறிந்த விஷயம். அதைச் சொன்னேன்.

பக்கத்து வைஸில் வேலை செய்தவன் ஆள் கட்டை. அவன் காலுக்குக் கீழே ஒரு பலகை கிடந்தது. மிஸ் அதைக் காட்டினார்.

"அவர் ஏன் பலகையில நிக்கிறார்?"

"வைஸ் அவனுக்கு உயரம். அதால ஆளை ஏத்தினது."

"வைஸை இறக்கினா?"

"பலகை தேவையில்லை."

சொல்லிவிட்டு அரத்தைக் கீழே வைத்தேன். அவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

"நானும் நீங்களும் கதிரையைத்தான் பாத்தம். மெசினை இறக்குவம் தம்பி."

மறுநாள் காலை கந்தோரில் மிஸ் பெரிய கிளாக்கரிடம் கேட்டார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"ஐயா, நீங்கள் சொன்ன மாதிரிக் கதிரையை இறக்கிறன். மேசையில கொஞ்சம் வெட்ட விடுங்கோ."

பெரிய கிளாக்கர் யோசிக்கவே இல்லை. கதிரைக்குத்தான் அந்தக் கந்தோரில் முறை இருந்தது. மேசைக்கு ஒன்றும் இல்லை.

"வெட்டுங்கோ, வெட்டுங்கோ" என்றார்.

வெட்டுவது லேசாக இருக்கவில்லை. மேசையின் நடுவில் மெசின் அளவுக்குப் பலகையை அறுத்து எடுத்து, கீழே ஒரு தட்டைத் தொங்கவிட்டு மெசினை அதில் வைக்க வேண்டும். மரத்தட்டுப் போட்டேன். மிஸ்ஸின் முழங்காலில் முட்டியது. தட்டை உயர்த்தினால் தோள் ஏறுகிறது. இறக்கினால் முழங்கால் முட்டுகிறது.

"முழங்காலுக்கும் முழங்கைக்கும் நடுவில ஒரு மெசினைச் செருக வேணும். கஷ்டம்தான்" என்றார் மிஸ், தானே ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி.

மரத்தை எடுத்துவிட்டு மெல்லிய இரும்புத் தகடு போட்டேன். விளிம்பை மடித்து வலுக்கொடுத்தேன். இரும்பில் மெசின் அதிர்ந்து பறை அடித்தது. தகட்டுக்கு மேலே பழைய கித்தான் துணியை மடித்துப் போட்டதும் அடங்கியது. தட்டு தொங்குகிற நாலு இரும்புப் பட்டையிலும் துளை வரிசையாகப் போட்டு, திருகாணியை மாற்றி ஏற்றி இறக்கலாம் என்று வைத்தேன். கதிரைக்குச் சக்கரம், தட்டுக்கு ஆணி. இரண்டையும் அவர் மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் இரண்டும் நன்றாகக் கீழே வந்து நின்றன. பாதம் நிலத்தில் பதிந்தது. கால் பலகைக்கு வேலை இல்லாமல் போய்ச் சுவரோரம் கிடந்தது. கந்தோரிலேயே மிகப் பதிவான கதிரை இப்போது அவருடையது, பியோனின் முக்காலியை விட்டால்.

பார்த்து அடிக்கிற கடதாசி மேசையில் படுத்துக்கிடந்தது. கழுத்து அதற்கும் குனிந்தது. சைக்கிள் கம்பி ஒன்றை வளைத்து, கண்ணுக்கு நேரே கடதாசி நிற்க ஒரு தாங்கி செய்து கொடுத்தேன். அது அவர் கேட்காதது. பார்த்துவிட்டு, "ஓம், இதுவும் வேணும்தான்" என்றார். அந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சொல் அது.

கப்பல் வந்தது. மலைநாட்டுத் தேயிலைப் பெட்டிகள் பார்ஜில் போய்க்கொண்டிருந்தன. சரக்கு விபரம் கையில் வராமல் கப்பல் வெளிக்கிடாது. ஆணிகள் இளகியிருக்கும், போய்ப் பார் என்று நானா என்னை அனுப்பினார். அவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

நான் போகும்போது மிஸ் அடித்துக்கொண்டிருந்தார். தோள் அசையவில்லை. முழங்கையிலிருந்து கீழே மட்டும்தான் வேலை நடந்தது. ஓங்கி அடித்தும் உடம்பு சும்மா இருந்தது. நல்ல கடைசல்காரன் நிற்கிற நிற்பு அது. நான் ஆணிகளைத் தொடாமல் வாசலில் நின்றேன்.

வெயில் சரிய முன்னம் கடைசித் தாளை உருவினார். கையை மடியில் வைத்து விரல்களை மடக்கி விரித்தார். எல்லாம் மடங்கின, எல்லாம் விரிந்தன. பெரிய கிளாக்கர் எழுந்து வந்து தாள்களை வாங்கி, கடைசிக் காபன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்து முழுதாக விழுந்திருந்தது.

பியோனைக் கூப்பிட்டார்.

"அந்தப் பிள்ளை வீட்டை போய், திங்கட்கிழமை வர வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வா."

அவ்வளவுதான். போய்த் தன் கதிரையில் ஏறி இருந்தார். கால் ஆடத் தொடங்கியது. கிளாக்கர்மார் குனிந்தார்கள்.

மிஸ் குனியவில்லை. எழுந்து சுவரோரம் கிடந்த கால் பலகையை எடுத்தார். தூசியைத் தட்டினார். பெரிய கிளாக்கரின் மேசைக்குக் கீழே அதைத் தள்ளிவிட்டார்.

"என்ன மிஸ் இது?"

"எனக்கு இப்ப கால் நிலத்தில முட்டுது ஐயா. இது சும்மா கிடக்கு."

அவர் குனிந்து பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். ஒரு காலை வைத்தார். கொஞ்சம் பொறுத்து மற்றக் காலையும் வைத்தார்.

அந்தக் கந்தோருக்கு நான் எத்தனையோ தரம் போய் வந்திருக்கிறேன். அவர் கால் நிலத்துக்கு எட்டாமல்தான் ஆடுகிறது என்று அதுவரை எனக்குப் படவே இல்லை.

நான் ஆணிகளை ஒரு தரம் இறுக்கிப் பார்த்துவிட்டு வெளிக்கிட்டேன். வாசலில் திரும்பிப் பார்த்தேன். மிஸ் மெசினுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். பெரிய கிளாக்கர் எழுதிக்கொண்டிருந்தார். கால் ஆடவில்லை.